ஏழு கிணற்றுக் கட்டுரை

1934ஆம் வருஷம். ஆம்பூரில் ரசாயன வாத்தியாராக இருந்த ஐசக், மத்தியான மணி அடித்ததும் வேலூரிலிருந்து வந்த தபாலைப் பிரித்தார். அங்கே வெளியாகும் மருத்துவ மாத இதழுக்கு வரும் கட்டுரைகளைப் படித்து, போடலாமா வேண்டாமா என்று அவர் சொல்ல வேண்டும். பாரபட்சம் வரக்கூடாது என்று ஆசிரியர் ரஷீத் அஹமது, எழுதியவர் பெயரைக் கத்தரித்துவிட்டுத்தான் அனுப்புவார். படிக்கிறவருக்கு யார் உறவு என்று மட்டும் அவர் கேட்டதே இல்லை.

தோல் பதனிடும் ஷாப்பின் சுண்ணாம்புக் குழித் தண்ணீர் ஏழு கிணறுகளில் இறங்கிவிட்டது, அதைக் குடிக்கும் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை என்றது கட்டுரை. ஷாப்பின் பெயர் இல்லை. ஆனால் கட்டுரை சொன்ன தெரு ஐசக்குக்குத் தெரியும். ஷாப்பு அவர் தம்பி கிறிஸ்துராஜுடையது.

பிழை தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. ‘சான்று போதாது’ என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டார்.

மூன்று மாதம் கழித்து, அந்தத் தெருவுக்கு மருந்து கொடுக்கப் போகும் நர்ஸ் பொன்மலர் பள்ளிக்கூடத்துக்கே வந்து, நாலு பாட்டில் தண்ணீரை மேசைமேல் வைத்தாள்.

“சார், நீங்க ரசாயனம் தெரிஞ்சவங்க. நான் எழுதின கட்டுரைல இன்னா தப்புன்னு காட்டுங்க. யாரோ பெரிய படிப்பாளி, சான்று போதாதுன்னு ஒரே வரில முடிச்சிட்டாரு. இன்னும் நாலு கிணத்துல எடுத்துனு வந்துட்டேன். இதுவும் கம்மின்னா சொல்லுங்க, மறுபடி போறேன்.”

“தெருவுல இன்னா சொல்றாங்க?”

“‘இன்னாம்மா, மருந்து குடுக்க வந்தியா, தண்ணி மொள்ள வந்தியா’ன்னு கேலி பண்றாங்க. சிரிச்சிக்கினே அதையே குடிக்கிறாங்க சார். அச்சுல வந்தாத்தான அதைக் காட்டி வேற கிணறு கேக்க முடியும்?”

ஐசக்கால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“கட்டுரைல தப்பே இல்லம்மா. அந்த ஒரு வரிய எழுதினது நான்தான். ஷாப்பு என் தம்பியோடது.”

ஐசக் அங்கேயே இதழ் ஆசிரியருக்குக் கடிதம் எழுதி, அவளிடம் நீட்டினார்.

‘இந்தக் கட்டுரையைப் போடுங்கள். பக்கத்திலேயே, என் பெயரோடு, இதையும் போடுங்கள். சொந்தக்காரர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் அபிப்பிராயம் கேட்டால், உறவை முதலில் சொல்லிவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். நான் மறைத்தேன். மறைத்துச் சொன்ன தீர்ப்பு, பொய்த் தீர்ப்பு.’

அவள் நிதானமாகப் படித்து, மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

“நல்லா எழுதிட்டீங்க சார். நீங்க வாய மூடிக்கினு இருந்த மூணு மாசமும் அந்தத் தண்ணிய குடிச்ச பிள்ளைங்களுக்கு இன்னா எழுதுவீங்க?”