செம்பு நிறம், எட்டு மணி நேரம்

மலிவு விலையில் மேக்கப் சாமான் செய்யும் கம்பெனி ஒன்றில், சோதனை அறையில் அவளுக்கு வேலை. புதிதாக வரும் ஐஷேடோவைத் தன் இமையிலேயே பூசிக்கொண்டு, எட்டு மணி நேரத்தில் அது என்ன பாடுபடுகிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கூட இருந்தவள் பிரசவ லீவில் போயிருந்தாள். அந்த நேரம் பார்த்து இவளுக்கு வலது கண்ணில் கட்டி வந்தது. இரண்டு வாரத்துக்குக் கண் பக்கம் பவுடரே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ரிப்போர்ட் வெள்ளிக்கிழமைக்குள் போயாக வேண்டும். டப்பாவின் பின்பக்கத்தில் எதை வைத்துப் பூசுவது என்கிற ஒரே ஒரு வரிக்காக அச்சகம் காத்திருந்தது. டப்பாவுக்குள் குச்சி முனையில் ஒட்டிய குட்டி ஸ்பாஞ்ச் ஒன்றை வைத்துத் தருவார்கள். "ஸ்பாஞ்சால் பூசவும்" என்று போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்பது முதலாளியின் கட்சி. அந்த ஸ்பாஞ்ச் பாத்திரம் தேய்க்கக்கூட லாயக்கில்லை என்பது அவள் கட்சி. ஆனால் கட்சியை ரிப்போர்ட்டில் எழுத முடியாது.

தங்கச்சியிடம் கேட்டாள். இந்த விலைச் சரக்கெல்லாம் தன் கண்ணுக்குப் பழக்கமில்லை என்றாள் தங்கச்சி. பக்கத்து வீட்டு அக்கா ஆசையாகத்தான் வந்தாள். ஆனால் அவள் இமையில் எண்ணெய் வழிந்தது. மிச்சம் இருந்தது புருஷன்.

அவர் டிரைவிங் லைசென்ஸ் தேர்வாளர். பத்தொன்பது வருஷமாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, வண்டி ஓட்டுகிறவர்களைக் கவனித்து, பெரும்பாலானவர்களைத் திருப்பி அனுப்பியவர். சிரித்துப் பேசினால் எதிர்ப்பக்கம் சலுகை எதிர்பார்க்கும் என்பதால் ஆபீஸ் வாசலிலேயே முகத்தை இறுக்கிக்கொள்வார். ஆபீசில் அவருக்குப் பெயர் சிமெண்ட்.

சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து, ஜன்னல் பக்கம் அழைத்துப் போய் அவர் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"உங்களுக்கு நல்ல இமைங்க. அகலமா, பிசுக்கில்லாம இருக்கு."

கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவர் முகத்தில் இருக்கும் ஒன்றை அவள் பாராட்டியது அதுதான் முதல் தடவை. பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். லீவு நாளில் வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாமே என்றார். ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருந்தால் அது சோதனையா, வெயிலும் வேர்வையும் காற்றும் வேண்டும் என்றாள் அவள். அவர் தேர்வாளர் பரீட்சைக்குப் படித்தபோது மூன்று மாதம் தினமும் அவருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, இல்லாத ஸ்டியரிங்கைத் திருப்பியவள் அவள். அதைச் சொல்லிக் காட்டவில்லை. அவருக்கே ஞாபகம் வந்தது. எத்தனை மணிக்கு உட்காரணும் என்று கேட்டார்.

புதன்கிழமை காலை வலது கண்ணில் விரலால் பூசினாள், இடது கண்ணில் ஸ்பாஞ்சால். செம்பு நிறம், உள்ளே மினுமினுப்பு. கண்ணைக் கசக்கக்கூடாது, தண்ணீர் படக்கூடாது, என்ன நடந்தாலும் மணி பார்த்துக் குறித்துவைக்க வேண்டும் என்று மூன்று விஷயம் சொல்லி அனுப்பினாள்.

ஆபீஸ் கிளார்க் நிமிர்ந்து பார்த்தார், பிறகு வெகு நேரம் ரிஜிஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. சிமெண்டிடம் கேட்கிற பழக்கம் அங்கே யாருக்கும் இல்லை.

அன்று ஏழு பேர் தேர்வுக்கு வந்திருந்தார்கள். வழக்கமாக ஏழில் ஒருவர் தேறினால் அதிகம். எல்லாரும் விழுவது ஒரே இடத்தில்: திரும்புவதற்கு முன் தேர்வாளர் பக்கத்துக் கண்ணாடியைப் பார்க்க மாட்டார்கள். ஆனால் அன்று அத்தனை பேரும் பார்த்தார்கள். நேராகத் திரும்பி அவர் கண்ணைப் பார்க்கத் தைரியமில்லை. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. அதனால் அந்தப் பக்கக் கண்ணாடியைப் பார்க்கிற சாக்கில் வழியில் ஒரு பார்வை. விதிப்படி அது சரியான பார்வைதான். அவர் மார்க் போட்டார்.

ஐந்தாவதாக வந்தவள் ஒரு தையல்காரி. நாலு தடவை தோற்றவள், இனி இழக்க ஒன்றும் இல்லை என்கிற முகம். சிக்னலில் வண்டி நின்றபோது மெதுவாகச் சொன்னாள்.

"சார், தப்பா நினைக்காதீங்க. இடது கண்ல மடிப்புல போய் சேர்ந்துடுச்சு. வலது நல்லா இருக்கு."

அவர் வாட்சைப் பார்த்தார். பதினொன்று இருபது. ஃபாரத்தின் பின்பக்கம் குறித்துக்கொண்டு, நன்றி என்றார். பிறகு ரிவர்சில் அவள் தடத்தில் வைத்திருந்த கூம்பை இடித்துத் தள்ளியதால் ஃபெயில் போட்டார்.

மொத்தம் ஐந்து பேர் பாஸ். சாயங்காலத்துக்குள் சேதி மேலதிகாரி காதுக்குப் போய்விட்டது. சிமெண்ட் ஒரே நாளில் ஐந்து பேருக்குப் பாஸ் போட்டார் என்றால் உள்ளே ஏதோ நடந்திருக்க வேண்டும். மறுநாள் தானே பின் சீட்டில் உட்கார்ந்து வருவதாக அவர் சொல்லியனுப்பினார்.

வீட்டில் அவள் பூதக்கண்ணாடியோடு தயாராக இருந்தாள். அவரை ஜன்னலோரம் உட்காரவைத்து ஒவ்வொரு இமையாகப் பார்த்தாள். அவர் ஃபாரத்தைப் பார்த்துப் படித்தார்: ஒன்பது ஐம்பதுக்கு இடது கன்னத்தில் தூள் உதிர்ந்தது, ஜன்னல் கண்ணாடியை இறக்கியதால்; பதினொன்று இருபதுக்கு மடிப்பில் கோடு; ஒரு மணிக்கு ஸ்பாஞ்ச் பக்கம் பாதி நிறம் காலி; விரல் பக்கம் மாற்றமில்லை. அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். சோதனை அறையில் இவ்வளவு சுத்தமாக யாரும் குறிப்பு எடுத்ததில்லை.

வியாழக்கிழமை வலது கண்ணுக்கு உலர்ந்த பிரஷ், இடதுக்கு நனைத்த பிரஷ். நனைத்த பக்கம் தகரம் மாதிரி மின்னியது. மேலதிகாரி ஏறும்போதே பார்த்துவிட்டார். அடுத்தடுத்து மூன்று பேர் ஓட்டினார்கள். மூன்று பேரும் கண்ணாடியைப் பார்த்தார்கள், மூன்று பேரும் பாஸ். அப்புறம்தான் கேட்டார்.

"கண்ணுக்கு என்ன?"

"வீட்ல அவங்க வேலை சார். நாளைக்கு ரிப்போர்ட் கொடுக்கணும்."

மேலதிகாரி, தன் மனைவி ஒரு ஆபீசில் வேலை பார்க்கிறாள், என்ன வேலை என்று சரியாகத் தெரியாது என்றார். நனைத்தது மதியத்துக்கு மேல் வெடித்துப் பாளம் பாளமாக வந்தபோது, இறங்கப்போனவர் நின்று அதையும் மணியோடு சொல்லிவிட்டுத்தான் போனார். முறைகேடு எதுவும் இல்லை என்று எழுதி ஃபைலை மூடினார்.

ரிப்போர்ட் நாலு பக்கம் வந்தது. விரலால் பூசினால் எட்டு மணி நேரம், உலர்ந்த பிரஷ்ஷால் ஆறு, நனைத்தால் நாலு, ஸ்பாஞ்சால் இரண்டே கால். முதலாளி முழுவதும் படித்தார், ரொம்ப நன்றாக இருக்கிறது என்றார். டப்பாவில் "ஸ்பாஞ்ச் அல்லது விரலால் பூசவும்" என்று அச்சானது. இரண்டு நாள் அவள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. புருஷன் டப்பாவை வாங்கிப் படித்துவிட்டு, வரிசை தப்பு என்றார். அந்த வீட்டில் அந்த வாரம் அவளுக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அதுதான்.

அடுத்த வாரம் கழுவிய முகத்தோடு வேலைக்குப் போனார். ஏழில் ஒருவர் பாஸ். இத்தனை வருஷம் உறுத்தாதது அன்று உறுத்தியது. மறுநாளிலிருந்து வண்டி கிளம்பும் முன், "என் பக்கத்துக் கண்ணாடியையும் பாத்துக்குங்க" என்று ஒரு வார்த்தை சொல்ல ஆரம்பித்தார். சொல்லக்கூடாது என்று விதியில் எங்கேயும் இல்லை. இரண்டு பேர், சில நாள் மூன்று பேர் தேறினார்கள்.

அவள் கண்ணும் சரியாகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, அவர் வந்து ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார். புதுசா எதுவும் வரலையா என்று கேட்டார். இப்போதைக்கு இல்லை என்றாள். அவர் எழுந்திருக்கவில்லை.

அவள் பையைத் துழாவி ஒரு சின்ன டப்பாவை எடுத்தாள்.

"இது ரோஸ். போன மாசமே ரிஜெக்ட் ஆயிடுச்சு."

"பரவாயில்ல" என்றார் அவர், கண்ணை மூடிக்கொண்டு.