ஒலிபரப்பில் மூன்று நிமிட மௌனம்

சும்மா இருப்பதற்குக்கூடப் பாரிசுக்குப் போய்ப் படித்துவிட்டு வரவேண்டுமா என்று ஐயாசாமிக்கு எரிச்சலாக வந்தது. வானொலி நிலையக் கட்டுப்பாட்டு அறைக் கண்ணாடிக்கு அந்தப்பக்கம், பியானோக் கம்பிகளுக்கு நடுவே ஸ்க்ரூவும் கரண்டியும் செருகிக்கொண்டிருந்தார் ஜெரார். அதை நாலு நிமிடம் தட்டுவாராம். பிறகு மூன்று நிமிடம் எதுவும் வாசிக்காமல் உட்கார்ந்திருப்பாராம். அதுவும் சங்கீதம்தானாம்!

"அந்த மூணு நிமிஷமும் யாரும் குறுக்கே பேசக்கூடாது. பேசினா நாளைலேருந்து நீ வரவேண்டாம்" என்று வானொலி இயக்குநர் சொல்லியிருந்தார். ஐயாசாமிக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ரோஸ் பெல் கிராமத்தில் மனைவி பார்வதி எட்டு மாதக் கர்ப்பிணி.

அவர் பயந்தது வேறு விஷயத்துக்கு. இது பிப்ரவரி, புயல் மாதம். போன வருஷப் பெரும்புயலில் வானொலி திடீரென்று ஊமையானது, பின்னாலேயே கூரைகள் பறந்தன. அன்றிலிருந்து ரேடியோ நின்றால் போதும், ரோஸ் பெல்லில் வீட்டுக்கு வீடு ஜன்னலுக்குப் பலகை அடிப்பார்கள். மௌனம் வரும் என்று அறிவிப்பாளர் பிரெஞ்சில் சொன்னது கரும்புக்காட்டிலிருந்து அப்போதுதான் திரும்பியவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஜெரார் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். மௌனம் தொடங்கியது.

முப்பது விநாடி. வெளியே தூறல். ஐயாசாமிக்குத் தன் நெஞ்சு அடிப்பதே கேட்டது. ஒரு நிமிடம் ஆனபோது கட்டுப்பாட்டு அறைத் தொலைபேசி அலறியது.

பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மா, சீனர் கடையிலிருந்து பேசினாள். "ரேடியோ செத்துப்போச்சே, சிக்ளோன் வருதா? பார்வதி ஏணி மேல ஏறிப் பலகை அடிக்குது!"

"ஐயோ, இறங்கச் சொல்லுங்க அக்கா!"

"என் பேச்ச எங்க கேக்குது? ரேடியோ சொன்னாத்தான் நம்புவேங்குது!"

அவள் பின்னால் தெரு முழுக்கச் சுத்தியல் சத்தம். இன்னும் ஒன்றரை நிமிடம் இருந்தது. ஏணி நனைந்திருக்கும். பிள்ளை பிறக்கிற நேரத்தில் வேலை போனால் சோற்றுக்கு எங்கே போவது? பாழாய்ப்போன வேலை, போனால் போகட்டும்! ஐயாசாமி மைக்கைத் திறந்தார். தீவில் எல்லோருக்கும் புரியும் கிரியோல் மொழியில் வார்த்தை தடுமாறியது.

"சிக்ளோன் இல்ல. ரேடியோ கெட்டுப்போகல. இது சங்கீதம். பார்வதி, ஏணிய விட்டு இறங்கு."

தீவு முழுக்க அது கேட்டது.

ஜெரார் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "என் இசையக் கொன்னுட்டியே!"

"மிஸ்யே, உங்க மௌனம் எங்க தெருவுல எப்படிக் கேக்குதுன்னு நீங்களே கேளுங்க" என்று ரிசீவரை நீட்டினார் ஐயாசாமி.

ஜெரார் காதில் வைத்தார். சுத்தியல்கள் ஒவ்வொன்றாக நின்றுகொண்டிருந்தன. அவர் முகத்தில் கோபம் போன இடம் தெரியவில்லை.

"பார்வதி இறங்கிட்டாளான்னு கேளுங்க மிஸ்யே!"

ஜெரார் கேட்டார். பதில் இல்லை. கோவிந்தம்மா பார்க்க ஓடியிருக்க வேண்டும். இருவரும் ரிசீவரில் காதை ஒட்டி நின்றார்கள். அந்தப் பக்கம் எதுவுமே கேட்கவில்லை. ஜெராரும் மூச்சைப் பிடித்திருந்தார்.

கதவு தட்டப்பட்டது. "யார் பேசினது?" இயக்குநரின் குரல்.

அப்போதுதான் கோவிந்தம்மா மூச்சிரைக்கத் தொலைபேசிக்குத் திரும்பினாள். "இறங்கிட்டா. உக்காந்து உன்னத் திட்டுது."

ஐயாசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தார்.

"நான்தான் சார்."