ஒரு விரல் உள்ளே

"நீ தைச்சதுதான் விட்டுப்போச்சு, அதை முதல்ல..."

"நீ வெட்டினதுதான் பத்தல, அதை ஒத்துக்க..."

"வெட்டினதா வந்து விட்டுப்போகும்? தையல்தானே விடும்."

"துணி பத்தலைன்னா தையல் என்ன பண்ணும், பாவம்."

ஒன்பது வருஷம் பேசாமல் இருந்த அக்காவும் தங்கையும் மறுபடி பேச ஆரம்பித்த லட்சணம் இது. அவர்களைக் கூட்டி வைத்த பாட்டுக்காரி தன் சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து, யார் பக்கமும் தலையாட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இருவருக்கும் அவள் சிநேகிதி. அப்போது அவர்களுடையது ஒரே தையல்கடை. அக்கா அளவெடுத்து, கோடு போட்டு வெட்டுவாள், தங்கை தைப்பாள். அவர்கள் தைத்துக் கொடுத்த கவுனைப் போட்டுக்கொண்டு இவள் மேடையேறினாள். முதல் வரிக்குக் கையைத் தூக்கினாள். முதுகில் தையல் கழுத்திலிருந்து இடுப்பு வரை விட்டது. சபை சிரித்தது, இவளும் சேர்ந்து சிரித்துவிட்டாள். அந்த இரண்டு பேர்தான் சிரிக்கவில்லை. மறுவாரமே வெட்டு மேசை ஒரு வீட்டுக்கும் மிஷின் இன்னொரு வீட்டுக்கும் போயின. அன்று முதல் செவ்வாய்க்கிழமை அக்கா வீடு, வியாழக்கிழமை தங்கை வீடு என்று இவள் நடையாய் நடக்கிறாள். ஒருத்தி வீட்டில் மற்றவள் பேச்சை எடுத்தால் காப்பி ஆறிப்போகும்.

இப்போது இவளைத் திரும்பவும் பாடக் கூப்பிட்டிருக்கிறார்கள். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து தைத்தால் பாடுவேன், இல்லாவிட்டால் வரமாட்டேன் என்று எழுதிவிடுவேன் என்று சொல்லித்தான் வரவழைத்தாள். அதைவிட, அன்று தையல் ஏன் விட்டது என்பது அவள் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது. பழைய கவுனை எடுத்து வந்து, உள்துணியைப் புரட்டி மேசையில் விரித்தாள். அக்கா போட்ட பென்சில் கோடு இன்னும் தெரிந்தது. தையல் ஓடிய துளைகள் அதற்கு ஒரு விரல் உள்ளே இருந்தன, மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக.

பார்த்தாயா என்றாள் அக்கா. தங்கை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். மறுக்கவில்லை. எப்போதும் அப்படித்தான் தைத்தேன் என்றாள். அக்கா அளவைவிட ஒரு விரல் கூட்டித்தான் கோடு போடுவாளாம். கோட்டின் மேலேயே தைத்தால் உடுப்பு தொளதொளவென்று நிற்குமாம். எத்தனை வருஷம் தைத்திருக்கிறாள், அதுகூடத் தெரியாதா.

நீ உள்ளே தள்ளித் தைப்பாய் என்று தெரிந்துதான் கூட்டிப் போட்டேன் என்றாள் அக்கா.

யார் முதலில் ஆரம்பித்தது என்று இரண்டு பேருக்கும் ஞாபகமில்லை. ஒருத்தியை ஒருத்தி திருத்திக்கொண்டே ஊருக்கெல்லாம் கச்சிதமாக உடுத்திவிட்டிருக்கிறார்கள். பாட்டுக்காரிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் கணக்கு இடித்தது.

"எல்லாருக்கும் சரியா இருந்துச்சு. எனக்கு மட்டும் ஏன்டி பத்தல?"

அக்கா கோட்டின் மேல் நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள்.

"அந்த ஒண்ணை மட்டும் சரியான அளவுக்குக் கோடு போட்டேன்."

"ஏன்?" என்றாள் தங்கை.

"நம்ம சிநேகிதிக்குத் தைக்கிறோம், இவ இதையாவது கோட்டு மேலயே தைப்பான்னு நம்பினேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அக்கா."

"சொன்னா, அதுவரைக்கும் நம்பலைன்னு ஆயிடுமே."

தங்கை கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள். சுத்தமாகத்தான் இருந்தது, இருந்தாலும் துடைத்தாள். பாட்டுக்காரி உள்ளே போய்ப் புதுத் துணியை எடுத்து வந்து வைத்தாள். யாரும் சொல்லாமலே தங்கை ஒரு முனையைப் பிடித்தாள், அக்கா மறுமுனையை. துணியை உதறி, சுருக்கமில்லாமல் பரப்பினார்கள். அக்கா நாடாவைப் பாட்டுக்காரியின் முதுகில் வைத்து இரண்டு தரம் அளந்தாள். பிறகு பென்சிலைத் துணியில் ஊன்றினாள், இழுக்கவில்லை. தங்கையை நிமிர்ந்து பார்த்தாள்.

"எவ்வளவு விடட்டும்? நீயே சொல்லு."