ஆமென் சொல்லாத ஜெபம்

குக் மூப்பரைப் போல ஜெபம் பண்ண எங்கள் ஊரில் இன்னொரு ஆள் கிடையாது. சுரங்க அலுவலகத்தில் அவர் மேலாளர், சபையில் மூப்பர். இரண்டு இடத்திலும் ஒரே குரல்தான். பக்கத்து மேஜை அதிகாரியிடம் ஒரு வேலையைச் சீக்கிரம் முடித்துத் தரச் சொல்வது போலத்தான் ஆண்டவரிடமும் பேசுவார். எங்கள் கோயிலுக்குச் சிலுவையைக் கொடுத்தது கர்த்தர் என்றாலும், அதை நிமிர்த்தி வைத்த சிமெண்டைக் கொடுத்தது கம்பெனி. அதை யாரும் மறந்துவிடாதபடி வாசலில் கல்வெட்டு உண்டு. அதில் மூப்பர் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். கர்த்தர் பெயரும் இருக்கும்.

சியோல் நகரத்துக்குக் கிழக்கே, கங்வோன் மலைகளுக்கு நடுவே நிலக்கரியும் பனியும் தவிர வேறெதுவும் விளையாத ஊர் இது. அந்தக் குளிர்காலத்தில் மூன்றாம் குழியில் தண்ணீர் உடைத்துக்கொண்டது. பழைய சுரங்கம் ஒன்றில் வருஷக்கணக்காகத் தேங்கிக் கிடந்த தண்ணீர். ஓடிவந்தவர்கள் தப்பினார்கள். உள்ளே மேட்டுப் பக்கம் வேலை செய்துகொண்டிருந்த இரண்டு பேர் அங்கேயே அடைபட்டுப்போனார்கள். ஒருவர் யோங்பால், எங்கள் சபை மல்சுன்னின் கணவர். இன்னொருவன் துக்சு. கல்யாணம் ஆகாதவன், கம்பெனி விடுதியில் தங்கியிருந்தவன், அவனுக்காக அழ இந்த ஊரில் யாரும் இல்லை.

கம்பெனி பெரிய பம்பை வைத்துத் தண்ணீரை இறைத்தது. வெளியூர்ப் பத்திரிகைக்காரர்கள் வந்து நின்றவரை மும்முரமாக இறைத்தது. அவர்கள் போன பிறகு இறைப்பின் வேகம் குறைந்தது. ஜெபத்தின் வேகம் கூடியது. ஊரெங்கும் விசேஷ ஜெபக் கூட்டத்துக்கு அறிவிப்பு ஒட்டினார்கள். ஒட்டியவர்கள் அலுவலகச் சிப்பந்திகள்.

கூட்டம் புதன்கிழமை மதியம். அன்று காலை மல்சுன் பொதுக் குழாயடியில் முட்டைக்கோஸ் கழுவிக்கொண்டிருந்தபோது டோஃபு என்னும் சோயாக்கட்டி விற்கும் ஒக்சுன் அக்கா தலைச்சுமையோடு ஓடிவந்தாள்.

"பம்பை லாரியில ஏத்திட்டாங்கடி மல்சுன்!"

"எந்தப் பம்பை?"

"ஊர்ல பத்துப் பம்பா இருக்கு? முதல் குழியில தண்ணி கசியுதாம். அங்க கொண்டுபோறாங்க. சியோல்ல இருந்து பெரிய முதலாளி வர்றாராம், அவர் வர்றப்போ கரி வெளியில வந்துக்கிட்டே இருக்கணுமாம்."

மல்சுன் கையிலிருந்த முட்டைக்கோஸைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு அலுவலகத்துக்கு நடந்தாள். வாசற்காவல்காரர் அவளைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார்.

"மேலாளர் இல்லையேம்மா. ஜெபத்துக்குத் தயார் பண்ணப் போயிட்டார். உங்க வீட்டுக்காரருக்காகத்தான்."

குழிவாய்க்குப் போய் லாரியை மறிக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. குழிவாயில் பெண் கால் வைத்தால் மலை கோபித்துக்கொண்டு கூரையை இறக்கிவிடும் என்பது எங்கள் ஊர் வழக்கம். வேலைக்குக் கிளம்பியவன் எதிரே ஒரு பெண் குறுக்கே போனால் அன்றைக்கு வீடு திரும்பிவிடுவான். குக் மூப்பர் ஞாயிற்றுக்கிழமை மூடநம்பிக்கைகளைக் கண்டித்து முழங்குவார். திங்கட்கிழமை குழிவாயில் பெண்களைத் தடுக்கக் காவல் போடுவார்.

ஆக, மூப்பரை மல்சுன் பிடிக்கக்கூடிய இடம் உலகத்தில் ஒன்றுதான் மிச்சமிருந்தது. அங்கே மூப்பரை எதிர்த்து யாரும் வாய் திறந்ததில்லை.

கோயில் நிறைந்திருந்தது. முதல் வரிசையில் சாம்பல் நிறக் கோட்டில் மூப்பர். கடைசி வரிசையில் கரி போகாத கழுத்தோடு மீட்புக் குழுவின் மேஸ்திரி பியோன். அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. போதகர் செங்கடலைப் பற்றிப் பேசினார். முன்னால் கடல், பின்னால் சேனை, நடுவில் ஜனங்கள். "அப்போது ஜனங்கள் என்ன செய்தார்கள்? சும்மா நின்றார்கள்! சும்மா!" என்று மேஜையைத் தட்டினார். கம்பெனி கொடுத்த மேஜை, நன்றாகவே சத்தம் கொடுத்தது.

பிறகு மூப்பர் எழுந்தார்.

"மனுஷனால ஆனதெல்லாம் செஞ்சு பார்த்தாச்சு. இனிமேலும் மெஷினையும் மனுஷ முயற்சியையும் நம்பிக்கிட்டு இருக்கறது அவிசுவாசம். நம்ம சகோதரர்களைக் கர்த்தருடைய சித்தத்துக்கு முழுசா ஒப்புக்கொடுத்துட்டோம்."

பலர் தலையாட்டினார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. லாரியில் பம்பு ஏறிவிட்டது என்பதைத்தான் மூப்பர் இவ்வளவு அழகாகச் சொல்லியிருந்தார்.

எங்கள் சபையில் ஜெபம் எப்படி என்றால், "கர்த்தாவே!" என்று எல்லோரும் மூன்று முறை கூரை அதிரக் கூப்பிடுவோம். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு அவரவர் ஜெபத்தை அவரவர் வாய்விட்டு, ஒரே நேரத்தில். ஒருவர் ஜெபத்தை இன்னொருவர் காதில் வாங்கக்கூடாது, அது ஒட்டுக்கேட்பது. போதகர் மணியைத் தட்டினால் அடங்குவோம். ஜெபத்தில் இருப்பவரை, அவர் ஆமென் சொல்லும்வரை, தொடக்கூடாது, தடுக்கக்கூடாது, கண் திறந்து பார்க்கவும் கூடாது. பேச்சு ஆண்டவரோடு அல்லவா.

கூப்பிட்டோம். கூரை அதிர்ந்தது. இரைச்சல் தொடங்கியது. அந்த இரைச்சலுக்கு நடுவே ஒரு குரல் மட்டும் வித்தியாசமாகக் கேட்டது. அது கெஞ்சவில்லை.

"ஆண்டவரே, மல்சுன் பேசறேன். மூணாம் குழியில என் வீட்டுக்காரரும் துக்சுவும் இருக்காங்க. ரெண்டு பேரையும் உசிரோட நீங்க கொண்டுவந்து விடுவீங்கன்னு நம்பறேன். உங்களை நம்பறேன். ஆனா பம்பை லாரியில ஏத்தி வச்சுட்டு இங்க வந்து உக்காந்திருக்கிற ஆளை நம்பலை. முதல் வரிசையில, சாம்பல் கலர் கோட்டு. உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் அடையாளம் சொல்லிடறேன்."

அவளுக்குப் பக்கத்தில் ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள் குரலைத் தணித்தார்கள். அவர்களுக்குப் பக்கத்திலிருந்தவர்களும் தணித்தார்கள். பாவம்தான், ஆனால் எல்லோரும் ஒட்டுக்கேட்டோம். போதகர் மணியைத் தட்டினார். கோயிலே அடங்கியது, மல்சுன்னைத் தவிர.

"சகோதரி... ஆமென்..." என்றார் போதகர் மெதுவாக.

"ஆண்டவரே, போதகர் ஐயா ஆமென் போடச் சொல்றார். எனக்கு இன்னும் பாதி பாக்கியிருக்கு. நீங்க கேட்டுக்கிட்டுதான் இருக்கீங்கன்னு அவருக்குச் சொல்லுங்க."

அதட்டுவதற்கு மூப்பர் வாயைத் திறந்தார். முன்னூறு பேர் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் கோயிலில், ஜெபிக்கிறவளை அதட்டினால் தானே பாவியாகிவிடுவோம் என்று அவருக்கு உடனே தெரிந்தது. ஒரே வழிதான் இருந்தது. அவரும் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஜெபத்தில் இறங்கினார்.

"அன்பின் பரலோகப் பிதாவே! துக்கத்தினால் நிதானம் இழந்த இந்தச் சகோதரியின் நாவைக் கட்டும்! முதலாம் குழியையும் தண்ணீர் சூழ்ந்திருக்கிறது என்பதை அவள் உணர்ந்துகொள்ளக் கிருபை செய்யும்!"

"ஆண்டவரே, முதல் குழியில ஆள் யாரும் மாட்டிக்கலைன்னு அவருக்குச் சொல்லுங்க. அங்க மாட்டிக்கிட்டது கரி. கரிக்கு மூச்சு முட்டாது."

"பிதாவே! இத்தனை நாட்களுக்குப் பின் மானிடர் அங்கே ஜீவனோடிருப்பது மனித அறிவுக்கு எட்டாத காரியம் என்பதை..."

"இப்பதான் மனுஷ முயற்சியை நம்பாதேன்னார். இப்ப மனுஷ அறிவை நம்பச் சொல்றார். ரெண்டுல ஒண்ணைச் சொல்லச் சொல்லுங்க ஆண்டவரே."

யாரோ சிரித்துவிட்டார்கள். அது இருமலாகி, இருமல் "அல்லேலூயா"வாக முடிந்தது.

மல்சுன்னின் குரல் ஏறியது. "செங்கடலைப் பத்தி போதகர் ஐயா பாதிக் கதையோட நிறுத்திட்டார். தண்ணியைப் பிளந்தது நீங்க. சரி. அப்புறம் அந்தக் கடலுக்குள்ள இறங்கி நடந்தது யார் கால்? சும்மா நின்னவங்களை நீங்கதானே நடங்கன்னு விரட்டினீங்க? எங்க ஊருக்கு மட்டும் ஏன் ஆண்டவரே பாதியைச் சொல்லி அனுப்பறீங்க? எனக்கு உங்க மேலயும் கோவம்தான். இத்தனை நாளாக் கதறறேன், ஒரு சத்தம் கூடக் கொடுக்கலை நீங்க. ஒரே ஒரு சத்தம்!"

நம்பிக்கை என்றால் அமைதியான முகம் என்று போதகர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். மல்சுன் முகத்தில் அமைதி மருந்துக்கும் இல்லை. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. (நான் கண்ணைத் திறந்துவிட்டேன், எல்லோரும் திறந்திருந்தோம்.) இருக்கிறார், கேட்கிறார், கேட்டும் தாமதிக்கிறார் என்று நம்புகிறவளுக்குத்தான் அவ்வளவு கோபம் வரும். இல்லாத ஆளோடு யாரும் சண்டைக்குப் போவதில்லை.

அப்போது கடைசி வரிசையிலிருந்து இன்னொரு குரல் கேட்டது. கரகரத்த குரல்.

"ஆண்டவரே, பியோன் பேசறேன். மேஸ்திரி."

மூப்பர் சட்டென்று திரும்பினார். கண்ணை மூடிக்கொள்ள மறந்துவிட்டார்.

"நேத்து காத்துக் குழாயில காதை வச்சுக் கேட்டேன். உள்ளேயிருந்து தட்டற சத்தம் வந்தது. நான் தட்டினேன். திருப்பித் தட்டினாங்க. வெளியில யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னு மேலாளர் சொன்னார். வேலை போயிடும்னார். உங்ககிட்ட சொல்றது வெளியில சொல்றதாகாது, இல்லையா ஆண்டவரே?"



"பிதாவே!" என்று மூப்பர் அலறினார். "அது பாறை விரியும் சத்தமாக..."

"நான் மூணு தட்டினா அதுவும் மூணு தட்டிச்சு ஆண்டவரே. பாறைக்கு எண்ணத் தெரியாது."

போதகர் மணியைத் தட்டினார். மறுபடி தட்டினார். தீப்பிடித்த வீட்டில் தட்டுவது போலத் தட்டினார். ஒருவரும் அசையவில்லை. மல்சுன் இரண்டு கையாலும் முன்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு சத்தம் கொடு என்று அவள் கேட்டிருந்தாள். கொடுத்தாகிவிட்டது, நேற்றே. நடுவில் ஒருவர் கோட்டுப் பைக்குள் போட்டு வைத்துக்கொண்டார்.

"ஆமென்" என்றாள்.

முன்னூறு பேரும் "ஆமென்" என்றோம். அந்தக் கோயிலில் அதற்கு முன் அப்படியொரு ஆமென் எழுந்ததில்லை.

லாரி ஓட்டுநர் எங்கள் பாடகர் குழுவில் அடித்தொண்டைக்காரர். மூப்பர் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதற்குள் சாவியோடு வெளியே போய்விட்டார். லாரி திரும்பியது. அதன் பின்னால் ஆண்கள், அவர்களுக்குப் பின்னால் பெண்கள். குழிவாயில் காவல்காரன் இரண்டு கையையும் விரித்து நின்றான்.

"பொம்பளைங்க வரக்கூடாது! பொம்பளைங்க வரக்கூடாது!"

"தள்ளுடா" என்றாள் ஒக்சுன் அக்கா. "என் தலையில டோஃபு இருக்கு. கூட்டத்துக்குக் குடுக்கணும்."

மூப்பரின் கார் பின்னால் வந்து நின்றது. கதவைத் திறக்குமுன்பே கத்தினார்: "சங்தே அம்மா! பைத்தியமா உனக்கு? பொம்பளை கால் வச்சா மலை இறங்கிடும்!"

மகன் பெயரைச் சொல்லி அழைத்தவரை மல்சுன் திரும்பிப் பார்த்தாள்.

"இறங்கி ரொம்ப நாளாச்சு மூப்பரய்யா. நீங்கதான் ஜெபத்துல இருந்தீங்க, கவனிக்கலை."

மேஸ்திரி பியோன் பம்பை இறக்கினார். யாரும் அவருக்கு உத்தரவு கொடுக்கவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை. தண்ணீர் கறுப்பாக வந்தது. அப்புறம் பழுப்பாக வந்தது. ஆண்கள் முறைவைத்து உள்ளே போனார்கள். பெண்கள் குழிவாயிலேயே அடுப்பு மூட்டினார்கள். மலை யாரையும் ஒன்றும் செய்யவில்லை. மல்சுன் சுரங்கக் கூரைக்கு முட்டுக்கொடுக்கும் மரக்கட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். நன்றியா, வசவா என்று தெரியவில்லை. இரண்டும் மாறி மாறி இருந்திருக்க வேண்டும். பத்திரிகைக்காரர்களும் வந்துவிட்டார்கள். அவர்களுக்கு யார் சொன்னார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

மறுநாள் முற்பகல் யோங்பாலைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வெளிச்சம் படக்கூடாதென்று கண்ணைத் துண்டால் கட்டியிருந்தார்கள். தாடைக்குக் கீழே எலும்பு மட்டும் இருந்தது. கேமராக்கள் நெருங்கின. நேற்றிலிருந்து காணாமல் போயிருந்த குக் மூப்பர் எங்கிருந்தோ முளைத்து, ஸ்ட்ரெச்சரில் தொங்கிய கையை இரண்டு கைகளாலும் பற்றினார்.

"என் ஜெபம் வீண்போகலை! கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!"

யோங்பால் கட்டிய கண்ணோடு தலையை லேசாகத் திருப்பினார்.

"யார் கை இது? பஞ்சு மாதிரி இருக்கு."

"உனக்குத் தெரிஞ்ச கை இல்லை. விட்டுடு" என்றாள் மல்சுன். மூப்பரின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துவிட்டுத் தன் கையை வைத்தாள். அவர் அதைப் பிடித்துக்கொண்டார். அழவில்லை. உதடு மட்டும் ஆடியது. அவள் குனிந்து காதை வைத்தாள்.

"துக்சு... எனக்குப் பின்னாடி... காலு முட்டு மரத்துக்கு அடியில மாட்டிக்கிச்சு. காலையில கூடப் பேசினான்."

மூப்பர் அதற்குள் பம்புக்காரனிடம் போய்விட்டார். ஒருவர் வந்துவிட்டார், படமும் எடுத்தாகிவிட்டது, சியோல் முதலாளி நாளை வருகிறார், முதல் குழி காத்திருக்கிறது. "நிறுத்திட்டு ஏத்து. இன்னொருத்தன் விஷயத்தை அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார் தணிந்த குரலில்.

மல்சுன் கணவரின் கையைத் துண்டுக்கடியில் பத்திரமாக வைத்தாள். நடந்து போய்ப் பம்பின் மேல் உட்கார்ந்தாள். ராத்திரி பூராவும் ஓடிய மெஷின், கொதித்துக்கொண்டிருந்தது. ஈரப் பாவாடையிலிருந்து ஆவி கிளம்பியது.

"சங்தே அம்மா, இது நல்லாயில்லை" என்றார் மூப்பர். "உன் வீட்டுக்காரர்தான் வந்துட்டாரே. நீ கேட்டது கிடைச்சாச்சு. அப்புறம் என்ன?"

"நான் கேட்டது ரெண்டு பேரை."

"துக்சு உனக்கு யாரு?"

அவள் சூடு தாங்காமல் ஒருமுறை நகர்ந்து உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. ஒக்சுன் அக்கா வந்து அவளை இடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஐயோ, சுடுதுடி" என்று திட்டிக்கொண்டே உட்கார்ந்தாள். மேஸ்திரி பியோன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அடுத்த முறைக்காரர்கள் அவருக்குப் பின்னால் போனார்கள்.

பம்பு ஓடிக்கொண்டிருந்தது.