சீவிய பக்கம்

என் தம்பி மகள் தன் ஜீப்புக்கு ராக் ஸ்லைடர் வாங்கப் போவதாகச் சொன்ன நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கதவுகளுக்குக் கீழே, வண்டியின் இரண்டு பக்கமும் நீளவாக்கில் ஓடும் தடித்த இரும்புக் குழாய், அவ்வளவுதான். மலைப்பாதையில் வண்டி சறுக்கிப் பாறைமேல் உட்கார்ந்தால், பாரம் கதவடித் தகட்டில் விழாமல் இந்தக் குழாயில் விழ வேண்டும். அதைப் பெட்டியில் போட்டுக் கடையில் விற்கிறார்களாம். ஊரில் பாதி வாசல்களுக்கு கேட் செய்து மாட்டிய குடும்பத்துப் பெண் இரும்புக் குழாயைக் கடையில் வாங்கி வருவதா?

"நம்ம பட்டறையிலயே செஞ்சுக்கலாம்," என்றேன்.

"இது கேட் இல்ல பெரியப்பா."

"இரும்புதானே."

"மலையேற விடுறதுக்கு முன்னாடி இதுல ஜாக்கி வச்சு வண்டியைத் தூக்கிப் பாப்பாங்க. தாங்கலைன்னா அப்படியே திருப்பி அனுப்பிருவாங்க. இந்த ஜீப் மலையேத்தத்துக்குப் போன வருஷமே பேர் குடுத்தேன், இப்பத்தான் எடம் கெடச்சிருக்கு."

"தாங்கும். நீ போய் வேலையைப் பாரு."

அவளை வீட்டில் மிளகு என்றுதான் கூப்பிடுவோம். ஆள் சிறிசு, பேச்சு காரம். அன்று என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அளவு டேப்பை எடுக்கப் போனாள்.

தம்பியும் அவளுமாகக் குழாயை அளந்து வெட்டினார்கள். குழாயிலிருந்து உள்நோக்கி நீளும் கால்களை வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் இறுக்கினார்கள். நான் நாற்காலியில் உட்காருவேன், எழுந்து போய்க் குனிந்து பார்ப்பேன், மறுபடி வந்து உட்காருவேன். கடைசியாகத் தம்பி குழாயையும் கால்களையும் வெல்டு வைத்தான். ஒவ்வொரு மூட்டிலும் இரும்பு உருகித் தடித்து மேடு தட்டி நின்றது.

எங்கள் பட்டறையில் அப்படி ஒரு பொருள் வெளியே போனதில்லை. கேட்டைக் கையால் தடவிப் பார்த்தால் எந்த இடத்தில் ஒட்டியது என்று விரலுக்குத் தெரியக் கூடாது. அதற்காகவே எங்களைத் தேடி வருகிறார்கள்.

"என்னடா இது, ஆறின புண்ணு மாதிரி. சீவி விடு," என்றேன்.

"இருக்கட்டும்ணே. கேட்டு சும்மா நிக்கிற பொருள். இது அடி வாங்குற பொருள். சீவினா சதை போயிரும்."

அப்பாவும் மகளும் பெயின்ட் வாங்கக் கிளம்பினார்கள். பட்டறையில் நான் மட்டும். இரண்டு முறை வண்டியைச் சுற்றி வந்தேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த மேடுகள்தான் கண்ணில் பட்டன. அந்த மலையடிவாரத்தில் ஊர்ப்பட்ட பேர் குனிந்து பார்ப்பார்கள். எந்தப் பட்டறை வேலை என்று கேட்பார்கள். இரும்பு சீவும் கிரைண்டரை எடுத்தேன். இடது பக்கத்து மூட்டுகள் அத்தனையும் வழவழவென்று ஆகிவிட்டன. வலது பக்கம் போவதற்குள் அவர்கள் வந்துவிட்டார்கள்.

தம்பி மண்டியிட்டுக் கட்டைவிரலால் மூட்டைத் தடவினான். "அழகாத்தான் இருக்கு," என்றான். அவன் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"தூக்கிப் பாத்துருவோம்," என்று மிளகு ஜாக்கியை இழுத்து வந்தாள்.

வலது பக்கம் முனகாமல் எழுந்தது. இடது பக்கத்தில் சக்கரம் தரையை விட்டுக் கொஞ்சம்தான் கிளம்பியிருக்கும். டக் என்று ஒரு சத்தம். மூட்டு பிய்ந்து குழாய் மேலே வளைய, வண்டி தொம்மென்று இறங்கியது. ஜாக்கி தெறித்துச் சுவரில் அடித்தது. அவள் விலகியிருந்தாள், எப்படி விலகினாள் என்று தெரியவில்லை.

"கால் இருக்காடி?" தம்பி ஓடிப்போய்க் குனிந்தான்.

"ரெண்டும் இருக்குப்பா. ஜாக்கிக்குத்தான் கோணிப்போச்சு."

விடிந்தால் மலைக்குக் கிளம்ப வேண்டும். கடையில் கேட்டால் ஆர்டர் போட்டுத்தான் வருமாம். மிளகு பிய்ந்த மூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், என்னைப் பார்க்கவில்லை. வளைந்த குழாயை நிமிர்த்திவிட்டுத் தம்பி வெல்டிங் ஹோல்டரை எடுக்கப் போனான். நான் முந்திக்கொண்டேன்.

"குடுங்கண்ணே. உங்களுக்குப் பழக்கம் விட்டுப்போச்சு."

"பரவால்ல. பிய்ச்சது நான்."

வேலை வாங்கியே பழகிப்போன கை. பொறி பறந்தது, இரும்பு நான் சொன்ன இடத்தில் நிற்காமல் வழிந்தது. தம்பி பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னொரு சுத்து" என்றான். வைத்தேன். "இன்னும்" என்றான். முகமூடியைத் தூக்கிப் பார்த்தபோது, எங்கள் பட்டறையிலேயே அத்தனை அசிங்கமான வெல்டை யாரும் வைத்ததில்லை என்று தெரிந்தது. மிளகு கிரைண்டரைக் காலால் அந்தப் பக்கம் நகர்த்தினாள்.

"நான் தொடவே இல்லையே," என்றேன்.

"தொட மாட்டீங்க பெரியப்பா. சும்மா ஒரு பாதுகாப்புக்கு."

ஜாக்கி கோணியதால் மறுபடி தூக்கிப் பார்க்க வழியில்லை. காலையில் நானும் கிளம்பினேன். "நீங்க எதுக்குண்ணே?" என்று தம்பி கேட்டு முடிப்பதற்குள் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். ரோட்டில் ஒவ்வொரு குழிக்கும் என் காது இடது பக்கத்துக்கே போனது.

மலையடிவாரத்தில் வண்டிகள் வரிசையாக நின்றன. சோதிக்கிறவர் ஒல்லியான நெட்டை மனிதர். வலது பக்கம் பார்த்துத் தலையாட்டினார். இடது பக்கம் குனிந்தவர் நிமிரவில்லை.

"இது யாரும்மா வச்சது? பிசைஞ்ச மாவை அப்பின மாதிரி இருக்கு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மிளகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "அது வந்து சார், அவசரத்துக்கு வெளிய ஒரு கடையில..."

நான் கட்டிக் காத்த பேரை எனக்காக அவள் காப்பாற்றப் பார்க்கிறாள். அது எனக்குப் பொறுக்கவில்லை.

"வெளிக்கடை இல்ல. நான் வச்சது," என்றேன். பட்டறையின் பேரையும் சொன்னேன்.

அவர் நிமிர்ந்தார். "எங்க வீட்டு கேட்டு உங்க வேலைதாங்க. அதுல ஒட்டுன எடமே தெரியாதே."

"தெரியாது. நீங்க தூக்குங்க."

ஜாக்கி ஏறியது. சக்கரம் தரையை விட்டது. அவர் அதோடு விடாமல் வண்டியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். நான் குனிந்து அந்த வெல்டையே பார்த்தேன். எந்தச் சத்தமும் வரவில்லை. இறக்கிவிட்டு, "போகலாம்," என்று அடுத்த வண்டிக்கு நடந்தார்.

மிளகு வண்டியில் ஏறிக் கையசைத்துவிட்டுப் போனாள். தம்பி எங்கிருந்தோ ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டான்.

"உக்காருங்கண்ணே. அதான் பாஸாயிருச்சே."

ஜாக்கி நேராகத் தூக்குகிறது. பாறை எந்தப் பக்கமிருந்து இடிக்கும் என்று யாருக்குத் தெரியும்? மேலே எங்கேயோ இரும்பு கல்லில் உரசும் சத்தம் கேட்டது. நான் நாலடி முன்னால் போனேன்.

"அது வேற யாரோட வண்டியாவது இருக்கும்ணே."

"இருக்கும்," என்றேன். உட்காரவில்லை.