மஞ்சள் கறைக் கோப்பு

டூட்டிங் பெருந்தெருவில் இருந்த அந்த வங்கிக் கிளையை ஆறு வருடமாக விடிய ஐந்து மணிக்குத் திறந்தவள் பாலாம்பிகை. கூட்டித் துடைத்து, குப்பைக் கூடைகளைக் கொட்டி, ஏழு மணிக்குப் பூட்டிக்கொண்டு போய்விடுவாள். மனேஜர் ஹார்ட்லி வருவது ஒன்பதுக்கு. அவள் முகம் அவருக்குத் தெரியாது. அவர் மேசையடியில் எத்தனை பிஸ்கட் துணுக்கு விழும் என்பது அவளுக்குத் தெரியும்.

1991 மாரியில் அவளுக்கு வேலை தந்த துப்புரவுக் கம்பனிக்காரன் எல்லாவற்றையும் மூடிவிட்டு ஓடிவிட்டான். வங்கியின் மேல்மாடி அலுவலகத்தில் சொன்னார்கள்: "நீங்களே ஒரு கம்பனி தொடங்குங்கள், வேலையைத் தருகிறோம். ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் கம்பனி பெயரில் வங்கிக் கணக்கு வேண்டும்." இல்லையென்றால் அவளும், கூட வேலை செய்த மன்னார்ப் பிள்ளை பியற்றிசும் வீட்டில் இருக்க வேண்டியதுதான்.

"பிறகென்ன அக்கா, மேல இருந்து கீழ இறங்கினாச் சரிதானே?" என்றாள் பியற்றிஸ்.

வியாழக்கிழமை இறங்கினார்கள். கோட்டுக்குள் கலியாணச் சேலை. இத்தனை நாளும் தான் துடைத்த கதிரையின் நுனியில், பாவம், பாலாம்பிகை முதல்முறையாக இருந்தாள்.

ஹார்ட்லி நல்ல மனிதர். அவருடைய படிவம்தான் பொல்லாதது. "உங்களை இரண்டு வருடமாவது அறிந்தவரின் கடிதம் வேண்டும். வேலை தந்தவர்?"

"ஓடிவிட்டார்."

"எங்கே வேலை செய்தீர்கள்?"

"இங்கேதான். மேல்மாடியில் கேட்டுப் பாருங்கள்."

"அது வேறு பிரிவு, அம்மணி. அவர்களுக்கு உங்களைப் போன கிழமையிலிருந்துதான் தெரியும். நானோ உங்களைக் கண்டதே இல்லை."

"திறப்பைக் காட்டுங்கோ அக்கா." பியற்றிஸ் முழங்கையால் இடித்தாள்.

பாலாம்பிகை வங்கியின் முன்வாசல் பூட்டுத் திறப்பை எடுத்து மேசையில் வைத்தாள். ஹார்ட்லி வெளிறிப்போனார். தொலைபேசியை எடுத்தார். வங்கிக்குத் தெரியாத ஒருத்தியிடம் வங்கியின் திறப்பு இருந்தால் அது பொலிசுக்குப் போகவேண்டிய விசயம் அல்லவா?

"ஐயோ, இனி மறியல்தான், கம்பி எண்ண வேண்டியதுதான்," என்றாள் பியற்றிஸ்.

சொல்ல இன்னும் ஒன்று இருந்தது. சொன்னால் வேலையும் போகலாம். தும்புத்தடி, வாளி வைக்கும் அறைக் கதவில் வருடக்கணக்காக ஒரு அறிவித்தல்: வெள்ளிக்கிழமைகளில் முன்வாசலில் மஞ்சள் கறை உண்டாக்குபவர் பிடிபட்டால் உடனே நீக்கப்படுவார். அதற்குத் தூசி தட்டியவளும் அவள்தான். காசு இருக்கும் இடம் லட்சுமி இருக்கும் இடம். வெள்ளிக்கிழமை மஞ்சள் தண்ணீர் தெளிக்காமல் எப்படி விடுவாள்?

"சேர், வாசலில் அந்த மஞ்சள்... நான்தான்."

ஹார்ட்லி தொலைபேசியை வைத்தார். அலுமாரியிலிருந்து தடித்த கோப்பு ஒன்றை இழுத்தெடுத்தார். மஞ்சள் கறை பற்றித் துப்புரவுக் கம்பனிக்கு அவர் எழுதிய முறைப்பாடுகள். 1985 முதல், திகதி வாரியாக. அவளுடைய உழைப்புக்கு இவ்வளவு சுத்தமான சாட்சியை வேறு யார் எழுதி வைத்திருப்பார்கள்?

"ஏன் இப்படிச் செய்தீர்கள்?"

"உங்கள் வங்கி நன்றாக இருக்கத்தான், சேர்."

அவர் கோப்பை மூடினார். பிறகு பேனையைத் திறந்து அந்தக் கடிதத்தைத் தானே எழுதினார்: 'இந்த அம்மையாரை ஆறு வருடங்களாக அறிவேன். மிகவும் ஒழுங்கானவர்.'

கணக்குத் திறந்தாயிற்று. ஒப்பந்தமும் வந்தது, வாசலில் மஞ்சள் தெளிக்கக்கூடாது என்ற வரியோடு. மாத முடிவில் மேல்மாடி தந்த முதல் காசோலை கீழ்மாடிக் கணக்கில் சேர ஐந்து நாள் ஆகும் என்றார்கள்.

"படி இறங்க அஞ்சு நாளோ? குழந்தை மாதிரித் தவண்டோ வருது?" என்றாள் பியற்றிஸ்.

பாலாம்பிகை ஒப்பந்தத்தை இன்னொருமுறை வாசித்தாள். வாசல் என்றுதான் இருந்தது. படி என்று இல்லை. அந்த வெள்ளி விடிய, மேல்மாடிப் படியில் மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். இப்போது அந்தப் படி வழியே அவளுடைய காசும்தானே வருகிறது.

திங்கட்கிழமை கம்பனி நிர்வாகி பாலாம்பிகைக்கு மேல்மாடியிலிருந்து கடிதம்: படியில் கறை வைத்தவர் யாரென்று விசாரிக்கவும்.

"விசாரிச்சியளோ அக்கா?"

"ஓம், விசாரிச்சன். ஆறு வருசமாத் தெரிஞ்ச ஆள். நல்ல ஒழுங்கான பொம்பிளை."