திரும்ப வரும் கட்டணம்

மெயின் பஜாரில் ஜுல்பிகரின் பிரவுசிங் சென்டருக்கு பிரிண்ட் கேட்பவர்களில் பாதிப் பேர் நேரில் வருவதில்லை. கடை வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிட்டு, ஷிப்ட் முடிந்து போகிற வழியில் வாங்கிக்கொள்வார்கள். சரிதாவின் மாமனார் குழந்தைவேலும் அப்படித்தான் அனுப்பினார். கடையில் வேலை பார்க்கும் மருமகள் மதியம் சாப்பிட அவருடைய கம்பெனி குவார்ட்டர்ஸுக்குப் போயிருப்பாள், ஜுல்பிகர்தான் இருப்பான் என்று கணக்குப் போட்டிருந்தார். அன்றைக்கென்று அவள் டிபன் பாக்ஸ் கொண்டுவந்திருந்தாள்.

வந்தது ஒரு வக்கீலின் வரைவு. அவள் புருஷன் அருண்ராஜ் அவளிடம் விவாகரத்து கேட்கும் மனு. தேதி போடும் இடம் காலியாக இருந்தது. கூடவே, கனடாவிலிருந்து அவன் அப்பாவுக்கு எழுதியதும் தவறுதலாக அப்படியே சேர்ந்து வந்திருந்தது.

"பி.ஆர். கைக்கு வந்தப்புறம் தேதி போட்டுக்கலாம்பா. அதுவரைக்கும் அவகிட்ட மூச்சு விடாதீங்க."

சரிதா இரண்டு காப்பி எடுத்தாள். ஒன்றைக் கவரில் போட்டு ஜுல்பிகரிடம் கொடுத்தாள்.

"மாமா வந்தா நீயே பிரிண்ட் போட்டதா சொல்லு தம்பி."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். கவரை வாங்கிக் கல்லாவுக்குள் வைத்தான்.

அவளுக்கு அழுகை வரவில்லை. கணக்குத்தான் ஓடியது. புருஷன் கனடாவுக்குப் படிக்கப் போவதற்கு அவளுடைய இருபது பவுன் போனது. மாமியார் படுத்த படுக்கையாகக் கிடந்து சாகிறவரை பீ மூத்திரம் அள்ளியது இவள் கை. "எப்ப கனடா போற?" என்று குவார்ட்டர்ஸ் பிளாக் முழுக்கக் கேட்டபோதெல்லாம் பல்லைக் காட்டிச் சமாளித்தது இவள் வாய். ஏழு வருஷம். இவனைச் சும்மா விட அவள் என்ன மண்ணாங்கட்டியா?

அந்த வாரமே அருண்ராஜ் வீடியோவில் வந்தான். ஏழு மாதம் போன் எடுக்காதவன் குரலில் தேன் ஒழுகியது.

"பி.ஆருக்கு அப்ளை பண்ணச் சொல்லிட்டாங்க சரிதா. இப்போதைக்கு உன்னைக் கூட வராத ஆளுன்னு போட்டுடறேன். உனக்கும் சேத்துக் கட்டுனா கவர்மெண்ட் ஃபீஸே தொண்ணூறாயிரத்துக்கு மேல வருது. பின்னால கூப்ட்டுக்கறேன். நீ மெட்ராஸ் போயி மெடிக்கல் மட்டும் பண்ணிடு."

கனடாவில் நிரந்தரமாகத் தங்க அனுமதி கேட்கும் அந்த பி.ஆர். விண்ணப்பத்தை அவள் இதே மேஜையில் நாலு குடும்பங்களுக்கு நிரப்பிக் கொடுத்திருக்கிறாள். பெண்டாட்டி கூட வராவிட்டாலும் மருத்துவப் பரிசோதனைக்குப் போயே ஆக வேண்டும். போகாவிட்டால் புருஷனின் ஃபைல் நகராது. எந்தப் பணம் போனால் போனதுதான், எது திரும்பும் என்பதும் அவளுக்கு அத்துப்படி.

"பண்றேங்க. ஆனா என்னையும் கூட வர்ற ஆளா போட்டு ஃபீஸ் கட்டுங்க. ரசீத கடை நம்பருக்கு அனுப்புங்க. அப்பறந்தான் பஸ் ஏறுவேன்."

பத்து நாள் இழுத்தான். குழந்தைவேல் தூது வந்தார்.

"புள்ள அங்க தனியா கஷ்டப்படுறாம்மா."

"அதான் மாமா, நானும் போயிட்டா கஷ்டம் பாதியாயிடும்."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். பதினோராம் நாள் ரசீது வந்தது. இரண்டு பேருக்கும் பரிசீலனைக் கட்டணம், இரண்டு பேருக்கும் நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கான கட்டணம். ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டு, மேஜை டிராயரில் மனுவின் மேலே அதை வைத்துப் பூட்டினாள். அன்றிரவு நன்றாகத் தூங்கினாள்.

பரிசோதனைக்கு முப்பது நாள் கெடு. முதல் வாரம் காய்ச்சல் என்றாள். அடுத்த வாரம் பாஸ்போர்ட்டைத் தேடுவதாகச் சொன்னாள். அதற்கப்புறம் பென்ஷன்காரர்கள் உயிரோடு இருப்பதற்கான லைஃப் சர்டிபிகேட் எடுக்கும் நவம்பர் மாதம், கடையில் கூட்டம், லீவு கிடைக்கவில்லை. நடுவில் ஒரு நாள் மட்டும் லீவு கிடைத்தது. அன்று கடலூர் போய்வந்தாள்.

கடைசி நாள் சாயங்காலம் அவன் கடைக்கே போன் செய்தான்.

"மெடிக்கல் போனியா இல்லியா?"

"போவலைங்க."

"ஏன்?"

"எனக்கு உடம்பு நல்லாத்தான் இருக்கு. எதுக்கு டெஸ்ட்டு?"

அவனுக்குப் விஷயம் புரிந்ததும் குரல் உடைந்தது.

"ஃபைல் ரிஜெக்ட் ஆயிடும் சரிதா. வேலை பர்மிட்டும் பிப்ரவரியோட முடியுது. நான் ஊருக்குத்தான் வரணும்."

"வாங்க. மாமா ரிட்டயர் ஆவறாரு. குவார்ட்டர்ஸ் காலி பண்ண ஆள் வேணும்."

"கட்டின பணம்?"

கடைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிற அதே நிதானத்தில் சொன்னாள்.

"பரிசீலனைக்குக் கட்டினது வராது. தங்கற உரிமைக்குக் கட்டினது வந்துடும். உரிமை கிடைக்கலன்னா அந்தக் காசை வச்சுக்க மாட்டாங்க, நல்ல கவர்மெண்ட்டு. நான் உங்க வூட்ல ஏழு வருஷம் கட்டினதுக்குத்தான் அப்படி ஒரு ரூல் இல்ல."

அந்தப் பக்கம் அழுகிற சத்தம் கேட்டது. அது அவளுக்கு இனித்தது. இன்னும் கொஞ்சம் கேட்டுவிட்டுப் பேசினாள்.

"அப்பறம், உங்க வக்கீல் மனுவுக்குத் தேதி போட வேணாம். கடலூர் கோர்ட்டுல என் பேருல நானே விவாகரத்து மனு போட்டுட்டேன். கோர்ட்டு ஃபீஸும் கட்டியாச்சு. காப்பிய உங்கப்பாவுக்கு அனுப்பறேன், பிரிண்ட் எடுத்துக்கச் சொல்லுங்க. இந்தக் கடையில வேணாம், வேற கடை பாக்கச் சொல்லுங்க."